எரிபொருள் தொட்டி அருகே மின்பெட்டி பொருத்தப் போகிறீர்களா? வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் போன்றவற்றைச் சேமிக்கும் தொட்டிகளுக்கு அருகே ஒரு ஜங்ஷன் பாக்ஸையோ, பம்ப் மோட்டாருக்கான ஸ்டார்ட்டரையோ, அளவுமானியையோ பொருத்தும் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. இந்த வேலையில் நான் இறங்கியபோது தேவையான விவரங்கள் தரநிலைகளின் வெவ்வேறு பாகங்களிலும் தயாரிப்பாளர்களின் கையேடுகளிலும் சிதறிக் கிடந்தன. எதை முதலில் செய்ய வேண்டும், எதை எவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்லும் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. பலரும் விலைப்பட்டியலைத் திறந்து பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குப் பொருத்தமான காரணங்களைப் பின்னர் தேடுகிறார்கள். உண்மையில் பெட்டி என்பது இந்த வரிசையில் ஐந்தாவதாக வர வேண்டிய முடிவு.

இங்கே சொல்பவை ஐஇசி 60079 என்ற பன்னாட்டுத் தரநிலைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் நாட்டின் உரிமம் வழங்கும் அமைப்பு இதைவிடக் கடுமையான விதிகளை வைத்திருந்தால் அவையே செல்லும்.

1. அபாயப் பகுதி வரைபடத்தைக் கையில் வாங்குங்கள்

எரியக்கூடிய ஆவி எங்கெங்கே, எவ்வளவு நேரம் இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் வரைபடம்தான் முதல் ஆவணம். ஐஇசி 60079-10-1 இடங்களை மூன்றாகப் பிரிக்கிறது. ஆவி எப்போதும் அல்லது நீண்ட நேரம் இருக்கும் இடம் சோன் 0. வழக்கமான இயக்கத்தின்போதே அவ்வப்போது வரக்கூடிய இடம் சோன் 1. வழக்கமாக வராது, வந்தாலும் சிறிது நேரமே இருக்கும் என்றால் சோன் 2. தொட்டிக்குள் திரவத்துக்கு மேலுள்ள வெற்றிடம் சோன் 0 ஆகும். வெளியே எந்த இடம் எந்த வகை என்பது தொட்டியின் வடிவம், ஆவி வெளியேறும் வென்ட் குழாயின் உயரம், காற்றோட்டம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

ஓர் அளவு உணர்வுக்காக, எரியும் திரவங்களுக்கான அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 30 தரும் தூரங்களைச் சொல்கிறேன். தரைக்கு மேலுள்ள தொட்டியின் வென்ட் வாயிலிருந்து எல்லாத் திசைகளிலும் 1.5 மீட்டர் வரை சோன் 1, அதற்கு அப்பால் 3 மீட்டர் வரை சோன் 2. தொட்டியின் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் 3 மீட்டர் வரை சோன் 2. தொட்டியைச் சூழ்ந்த தடுப்புச் சுவருக்கு உட்பட்ட பகுதியும், அந்தச் சுவரின் உயரம் வரை, பொதுவாகச் சோன் 2 ஆகவே கொள்ளப்படும். ஆனால் தொட்டிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைவிடச் சுவரின் உயரம் அதிகமாக இருந்து, அந்த நிலை தொட்டிச் சுற்றளவில் பாதிக்கு மேல் நீடித்தால், உள்ளே ஆவி தேங்கும் என்பதால் அது சோன் 1 ஆகிவிடும். இந்த எண்களை நேராக எடுத்து உங்கள் வரைபடத்தில் ஒட்டாதீர்கள். அதில் கையொப்பமிடும் தகுதியுள்ளவரிடம் கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்.

வரைபடத்தை வாங்கும்போது மேலிருந்து பார்க்கும் தோற்றம் மட்டும் போதாது, பக்கத் தோற்றமும் வேண்டும் என்று கேளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. அது தரையோடு ஊர்ந்து பள்ளங்களிலும் கேபிள் கால்வாய்களிலும் வால்வுக் குழிகளிலும் தங்கும். எனவே மேலே சோன் 2 ஆக இருக்கும் இடத்தில், தரைமட்டத்துக்குக் கீழேயுள்ள குழி சோன் 1 ஆக இருப்பது வழக்கம். பக்கத் தோற்றம் இல்லாத வரைபடத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

வரைபடத்தின் திருத்த எண், தேதி, கையொப்பம், எந்தெந்த எரிபொருளுக்காக வரையப்பட்டது என்ற குறிப்பு ஆகிய நான்கையும் சரிபாருங்கள். வரைந்த பிறகு வென்ட் குழாய் இடம் மாறியிருந்தாலோ, புதிய பம்ப் வந்திருந்தாலோ, அந்தத் தாள் பழைய நிலையத்தின் படம்தான். ஆவி வெளியேறும் இடங்களின் பட்டியல் ஒன்று இதனுடன் இணைந்திருக்க வேண்டும். அதைத் தனியாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

2. எரிபொருளின் மூன்று விவரங்களை எழுதி வையுங்கள்

பாதுகாப்புத் தரவுத்தாளிலிருந்து ஃபிளாஷ் பாயின்ட் (தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்குத் திரவத்திலிருந்து ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலை), தானாகப் பற்றும் வெப்பநிலை ஆகியவற்றையும், ஐஎஸ்ஓ/ஐஇசி 80079-20-1 அட்டவணையிலிருந்து வாயுக் குழுவையும் எடுத்து ஒரே தாளில் எழுதுங்கள். பெட்டியின் பெயர்த்தகட்டில் பொறிக்கப்படும் எழுத்துகளில் பாதி இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன.

வாயுக் குழுக்கள் மூன்று: புரொப்பேன் போன்றவை ஐஐஏ, எத்திலீன் போன்றவை ஐஐபி, ஹைட்ரஜன் போன்றவை ஐஐசி. பின்னது முன்னதைவிடக் கடுமையானது. ஐஐசி பெட்டியை ஐஐஏ இடத்தில் வைக்கலாம், மாற்றி வைக்கக் கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் ஐஐஏ. எத்தனால் அதே அட்டவணையில் ஐஐபி என்று வருவதால், தூய எத்தனாலை வாங்கிவைத்துக் கலக்கும் நிலையம் என்றால் அந்தத் தொட்டியைத் தனியாகக் கவனியுங்கள்.

வெப்பநிலை வகுப்பு என்பது கருவியின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்ற எல்லை. டி1 என்றால் 450 டிகிரி செல்சியஸ், டி2 என்றால் 300, டி3 என்றால் 200, டி4 என்றால் 135, டி5 என்றால் 100, டி6 என்றால் 85. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 210 டிகிரியில் தானாகப் பற்றும் என்பதால் இந்த எரிபொருள்களுக்கு டி3 பொருந்தும். சந்தையில் டி4, டி6 பெட்டிகளே அதிகம் கிடைக்கின்றன. அவை இன்னும் குளிர்ச்சியானவை என்பதால் தாராளமாக ஏற்கலாம்.

டீசலைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அதன் ஃபிளாஷ் பாயின்ட் பல நாடுகளின் தரநிலைகளில் 50 டிகிரிக்கு மேல் இருப்பதால் "டீசல்தானே, சாதாரணப் பெட்டியே போதும்" என்ற பேச்சு எல்லா இடத்திலும் கேட்கும். திரவம் அந்த வெப்பநிலைக்குக் கீழேயே எப்போதும் இருந்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வெயிலில் காயும் தொட்டி, சூடாக்கப்படும் குழாய், அழுத்தத்தில் உள்ள குழாய் இணைப்பிலிருந்து (ஃபிளாஞ்ச்) மென்துளிகளாகச் சீறும் கசிவு, முன்பு பெட்ரோல் வைத்திருந்த தொட்டி, இரண்டு எரிபொருள்களுக்கும் பொதுவான வென்ட் குழாய் என்று வந்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. மென்துளிப் படலம் ஃபிளாஷ் பாயின்ட்டுக்குக் கீழேயும் பற்றும். முடிவு வரைபடத்தில் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பெட்டி வாங்காதீர்கள்.

3. பெட்டி அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டுமா?

மொத்தச் செலவில் மிகப் பெரிய சேமிப்பு இங்கேதான் கிடைக்கும், ஆனால் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஸ்டார்ட்டர், பிரேக்கர், பவர் சப்ளை, கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை அபாயப் பகுதிக்கு வெளியே ஒரு சாதாரணப் பேனலில் வைத்து, தொட்டி அருகே தவிர்க்க முடியாத மோட்டார், சென்சார், ஜங்ஷன் பாக்ஸ், அவசர நிறுத்த பட்டன் ஆகியவற்றை மட்டும் விட்டால், வாங்க வேண்டிய சான்றிதழ் பெற்ற பெட்டிகளின் எண்ணிக்கை பெருமளவு குறையும். சில மீட்டர் கூடுதல் கேபிளின் விலை, உள்வெடிப்பைத் தாங்கும் ஒரு பெரிய ஃபிளேம்புரூஃப் பேனலின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. பராமரிப்பும் எளிதாகும், ஏனெனில் வெளியே உள்ள பேனலைத் திறக்க வாயுச் சோதனையும் அனுமதிச் சீட்டும் தேவைப்படாது.

இடம் மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அபாயப் பகுதியிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் கேபிள் கால்வாய் ஆவிக்கும் பாதையாகும். கால்வாயை மணலால் நிரப்ப வேண்டும், சுவரில் கேபிள் நுழையும் துளைகளை அடைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பாதுகாப்பான இடம் என்று நம்பிச் சாதாரணப் பேனல் வைத்த அறைக்குள்ளேயே ஆவி வந்து சேரும்.

4. எந்தப் பாதுகாப்பு முறை?

சோன் 0 இல் ஜிஏ (Ga), சோன் 1 இல் ஜிபி (Gb), சோன் 2 இல் ஜிசி (Gc) என்ற பாதுகாப்பு நிலை குறைந்தபட்சம் தேவை. இந்த நிலைகளை அடைய நான்கு வழிகள் நடைமுறையில் உதவும்.

முதலாவது ஃபிளேம்புரூஃப், அதாவது ஈஎக்ஸ் டி (Ex d). ஈஎக்ஸ் என்பது வெடிப்புப் பாதுகாப்புக் கருவிக்கான குறி, அடுத்த எழுத்து முறையைக் குறிக்கும். இது வாயு புகாத பெட்டி என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். வாயு உள்ளே புகும், தீப்பொறியால் உள்ளேயே வெடிக்கவும் செய்யும் என்று ஏற்றுக்கொண்டுதான் இந்தப் பெட்டி வடிவமைக்கப்படுகிறது. பெட்டி அந்த அழுத்தத்தைத் தாங்கும். மூடிக்கும் உடலுக்கும் இடையேயுள்ள குறுகிய, நீண்ட இடுக்கு வழியாக வெளியேறும் சூடான வாயு குளிர்ந்து, வெளியேயுள்ள ஆவியைப் பற்றவைக்கும் வலிமையை இழந்துவிடும். அந்த இடுக்குதான் பெட்டியின் உயிர். ஸ்விட்ச், கான்டாக்டர், பிரேக்கர் போலப் பொறி பறக்கும் எதுவும் சோன் 1 இல் இருக்க வேண்டுமானால் பெரும்பாலும் இந்த வழிதான்.

இரண்டாவது ஈஎக்ஸ் ஈ. பொறியோ மிகை வெப்பமோ எழவே எழாதபடி டெர்மினல்களையும் இடைவெளிகளையும் வடிவமைக்கும் முறை இது. வெறும் இணைப்புகள் மட்டும் உள்ள ஜங்ஷன் பாக்ஸுக்கு இதுவே என் தேர்வு: எடை குறைவு, மூடி எளிது, பராமரிப்பில் கெட்டுப்போக நுணுக்கமான இடுக்குகள் இல்லை. ஆனால் இதற்குள் ஒரு சாதாரண ஸ்விட்சை வைத்துவிட்டால் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது. டெர்மினல்களின் எண்ணிக்கையும் மின்னோட்டமும் சேர்ந்து உண்டாக்கும் வெப்பத்துக்குச் சான்றிதழில் ஓர் உச்ச வாட் அளவு இருக்கும். அதைத் தாண்டி நெருக்கக் கூடாது.

மூன்றாவது, பொறி எழுந்தாலும் பற்றவைக்கும் ஆற்றலே இல்லாதபடி சுற்றைக் கட்டுப்படுத்தும் ஈஎக்ஸ் ஐஏ. தொட்டிக்குள் இறங்கும் அளவுமானிக்கும் வெப்பமானிக்கும் இதுதான் இயல்பான வழி. இங்கே பெட்டியைவிடக் கணக்குதான் முக்கியம்: பாதுகாப்பான பக்கத்தில் இருந்து களத்துக்குப் போகும் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் ஐசொலேட்டர் தரக்கூடிய உச்ச மின்னழுத்தம், மின்னோட்டம், திறன் மூன்றும் களத்திலுள்ள கருவி ஏற்கக்கூடிய அளவுகளைத் தாண்டக் கூடாது, கருவி, கேபிள் இரண்டின் மின்தேக்கத்தையும் மின்தூண்டலையும் கூட்டினால் ஐசொலேட்டர் அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இந்தக் கணக்கை ஒரு பக்கத் தாளாக எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். ஒரே பெட்டியில் இந்தச் சுற்றும் சாதாரணச் சுற்றும் இருந்தால், இரண்டின் டெர்மினல்களுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இடைவெளியோ தடுப்புத் தகடோ வேண்டும்.

நான்காவது, பெட்டிக்குள் சுத்தமான காற்றைச் செலுத்தி உள்ளழுத்தத்தை வெளியைவிடச் சற்று உயர்த்திவைப்பது. பெரிய பேனலை நகர்த்தவே முடியாதபோது மட்டும் இதை நினையுங்கள். காற்று நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி ஆயுள் முழுவதும் கூடவே வரும்.

5. பெயர்த்தகட்டையும் சான்றிதழையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

ஈஎக்ஸ் டிபி, ஐஐபி, டி4, ஜிபி (Ex db IIB T4 Gb) என்று ஒரு தகடு இருந்தால் (டிபி என்பது டி முறை, பி நிலை), முறை, வாயுக் குழு, வெப்பநிலை வகுப்பு, பாதுகாப்பு நிலை என்ற வரிசையில் வாசிக்க வேண்டும். நீங்கள் முதல் இரண்டு படிகளில் எழுதி வைத்த தாளுடன் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு டிக் செய்யுங்கள். ஐரோப்பாவுக்கான பொருள்களில் 2014/34/ஈயூ வழிகாட்டுதலின்படி அறுகோணக் குறியும் சான்றளிப்பு அமைப்பின் நான்கு இலக்க எண்ணும் கூடுதலாக இருக்கும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது சான்றிதழ் எண்ணின் கடைசி எழுத்தில். அது யூ (U) என்றால், அது ஓர் உறுப்புக்கான சான்றிதழ் மட்டுமே. காலியான பெட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் விற்கப்படுகின்றன. காலிப் பெட்டிக்குச் சான்று இருக்கிறதே என்று அதை வாங்கி, உள்ளே நீங்களே பிரேக்கரையும் கான்டாக்டரையும் பொருத்திவிட்டால் அந்த மொத்தப் பொருளுக்குச் சான்று எதுவும் கிடையாது. உள்ளே வைக்கும் பொருள்கள் வெப்பத்தைக் கூட்டும், காலியிடத்தின் வடிவத்தை மாற்றும், வெடிப்பழுத்தத்தையும் மாற்றும். அதனால் முழுதாகப் பொருத்தி முடித்த நிலைக்குத் தனிச் சான்றிதழ் தேவை. விலைக் கேட்பில் "பொருத்தி முடித்த முழுக் கருவிக்கான சான்றிதழ்" என்று எழுதியே கேளுங்கள். மலிவான விலைப்புள்ளி வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த எழுத்தைத்தான்.

கடைசி எழுத்து எக்ஸ் (X) என்றால் பயன்படுத்துவதற்குச் சிறப்பு நிபந்தனைகள் உண்டு. அடிபடாத இடத்தில் மட்டும் வைக்க வேண்டும், நிலைமின்னூட்டம் சேராமலிருக்க ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும், குறிப்பிட்ட வலிமையுள்ள போல்ட்டையே மாட்ட வேண்டும் என்பது போன்றவை. அந்த நிபந்தனைகள் சான்றிதழின் உள்பக்கங்களில் இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் அனுப்பும் விற்பனையாளரிடம் முழுச் சான்றிதழையும் இணைப்புகளையும் கேளுங்கள்.

அடுத்தது சுற்றுப்புற வெப்பநிலை. தகட்டில் எதுவும் குறிப்பிடாவிட்டால் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைதான் அந்தப் பெட்டி செல்லுபடியாகும். வெயில் கடுமையாக அடிக்கும் இடத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 50 அல்லது 55 டிகிரி வரை என்று தகட்டிலேயே பொறிக்கப்பட்ட பெட்டியை வாங்குங்கள், முடிந்தால் மேலே ஒரு நிழல்தகடும் வையுங்கள். சில பெட்டிகளில் 40 டிகிரிக்கு டி6, 55 டிகிரிக்கு டி5 என்று இரண்டு எண்கள் சேர்ந்தே வரும். உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐஇசியின் வெடிப்புப் பாதுகாப்புச் சான்றளிப்பு அமைப்பான ஐஇசிஈஎக்ஸ் (IECEx) தரும் சான்றிதழ்களை அந்த அமைப்பின் இணையதளத்தில் எண்ணை இட்டு எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். செல்லுபடியாகிறதா, நிறுத்திவைக்கப்பட்டதா, ரத்தானதா என்பது அங்கேயே தெரியும். ஆர்டர் கொடுப்பதற்கு முன் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

6. துளைகள், கிளாண்டுகள், அடைப்பான்கள்

நல்ல பெட்டியும் கெடுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபிளேம்புரூஃப் பெட்டியில் களத்தில் துளையிடக் கூடாது. எத்தனை கேபிள், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த அளவு என்பதை முன்பே முடிவுசெய்து, தொழிற்சாலையிலேயே துளையிட்டு மரையும் போட்டு வரச் செய்யுங்கள். எதிர்காலத்துக்காக ஓரிரு துளைகளைக் கூடுதலாகக் கேட்டு அடைத்து வைப்பது புத்திசாலித்தனம். ஈஎக்ஸ் ஈ பெட்டிகள் சிலவற்றில் தயாரிப்பாளரின் ஆவணம் அனுமதிக்கும் பரப்பில் துளையிடலாம், ஆனால் ஆவணத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும்.

மரையின் வகையைப் பெட்டிக்கும், கேபிளைத் துளையில் இறுகப் பிடிக்கும் கிளாண்டுக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் மரையும் அமெரிக்கக் கூம்பு மரையான என்பிடியும் சில அளவுகளில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும், பொருந்திவிட்டது என்று தோன்றும். ஃபிளேம்புரூஃபில் நேர் மரை என்றால் குறைந்தது ஐந்து முழுச் சுற்றுகள் பிடிக்க வேண்டும். அளவை மாற்ற அடாப்டர் தேவைப்பட்டால் ஒரு துளைக்கு ஒன்று மட்டுமே. அடாப்டர் மேல் அடாப்டர் கூடாது, அடாப்டர் மேல் அடைப்பானும் கூடாது.

கிளாண்டுக்கும் அடைப்பானுக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். பெட்டியுடன் போக்குவரத்துக்காக வரும் பிளாஸ்டிக் மூடிகளை அப்படியே விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவை தூசிக்கான மூடிகள், அடைப்பான்கள் அல்ல. ஃபிளேம்புரூஃப் பெட்டியில் கேபிளின் உள்ளே இழைகளுக்கு இடையே வெற்றிடம் இருந்தால், அந்த வழியாகவே தீ பரவலாம். உருண்டையான, உள்ளிடம் நிரப்பப்பட்ட, குறைந்தது 3 மீட்டர் நீளமுள்ள கேபிளுக்குச் சாதாரண ஃபிளேம்புரூஃப் கிளாண்டு போதும் என்று ஐஇசி 60079-14 அனுமதிக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் பிசின் ஊற்றி அடைக்கும் பாரியர் கிளாண்டே வேண்டும். சந்தேகம் இருந்தால் பாரியர் கிளாண்டையே எடுங்கள். குழாய் வழியாகக் கம்பி வருமானால் பெட்டிச் சுவரிலிருந்து 50 மில்லிமீட்டருக்குள் அடைப்பு இருக்க வேண்டும் என்பது ஐஇசி விதி.

கேபிளின் வெளிவிட்டத்தை வாங்கிய கேபிளில் காலிப்பரால் அளந்து பார்த்த பிறகே கிளாண்டு அளவைச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள விட்டத்தை நம்பி வாங்கிய கிளாண்டு பிடிக்காமல் போவது மிகச் சாதாரணமாக நடப்பது, அதை மாற்றிப் பெறுவதற்குள் வேலையே நின்றுவிடும்.

7. தண்ணீர், உப்பு, வெயில்

ஐபி 66 என்ற எண் வெடிப்பாபத்துக்கான சான்று அல்ல. ஐஇசி 60529 தரும் அந்த எண்ணின் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது நீரையும் பற்றியது, அவ்வளவே. ஐபி 66 உள்ள சாதாரணப் பெட்டியைத் தொட்டி அருகே பார்த்தால் அது தவறான பெட்டி. அமெரிக்கப் பெட்டித் தரமுறையான நெமாவில் 4எக்ஸ் என்பதும் இதே போலத்தான். எரிவாயு ஆபத்துக்கானது நெமா 7. ஈஎக்ஸ் ஈ பெட்டிக்கு ஐபி 54 குறைந்தபட்சம் என்றாலும், திறந்த வெளியில் 66 இல்லாமல் வாங்காதீர்கள்.

கடலோர நிலையங்களுக்கு 316எல் வகை ஸ்டெயின்லெஸ் எஃகு நீடிக்கும். அலுமினியம் மலிவு, ஆனால் உப்புக்காற்றில் ஃபிளாஞ்ச் பரப்பு அரிக்கப்பட்டால் அதைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது. கண்ணாடியிழைப் பெட்டி அரிப்பைத் தாங்கும்; அதில் நிலைமின்னூட்டம் பற்றிய நிபந்தனையை மட்டும் பாருங்கள். இரவு பகல் வெப்பமாற்றத்தால் உள்ளே நீர் கோத்தால், சான்றிதழ் பெற்ற வடிகால் பொருத்துங்கள். அடியில் ஒரு சிறு துளை போடுவது என்பது பெட்டியைக் கொல்வதற்குச் சமம்.

8. எர்த் இணைப்பும் இடிமின்னலும்

உலோகப் பெட்டியின் வெளிப்புற எர்த் முனை குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் கம்பியை ஏற்கும். அதைத் தளத்தின் சமமின்னழுத்த இணைப்போடு (எல்லா உலோகப் பாகங்களையும் ஒன்றாக இணைக்கும் கம்பிகள்) சேருங்கள். வண்ணப்பூச்சின் மேல் வளையத்தை வைத்து இறுக்கினால் தொடர்ச்சி இருக்காது. தொட்டிக்குள் செல்லும் அளவுமானிக் கேபிளுக்கு, சோன் 0 வாயிலுக்கு முடிந்தவரை 1 மீட்டருக்குள் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று வேண்டும். தொட்டிக்கூரை உயரமான இடம் என்பதால் இதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

9. செலவும் காலமும்

விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் கணக்குத் தவறும். கிளாண்டுகள், அடைப்பான்கள், பாரியர் பிசின், தொழிற்சாலைத் துளையிடல், முழுக் கருவிக்கான சான்றிதழ், தகுதிபெற்றவரின் ஆய்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகக் கேளுங்கள். சிறிய ஜங்ஷன் பாக்ஸ்களில் இவற்றின் கூட்டுத்தொகை பெட்டியின் விலையைத் தாண்டுவது சாதாரணம். தேவையில்லாமல் ஐஐசி ஃபிளேம்புரூஃப் கேட்பதும் வீண்செலவு. பெட்ரோலிய எரிபொருள்களுக்கு ஐஐஏ போதும், கையிருப்பில் எளிதாகக் கிடைப்பது ஐஐபி.

காலத்தைப் பொறுத்தவரை, வெறும் ஜங்ஷன் பாக்ஸ் கையிருப்பிலிருந்து சில நாள்களில் வரும். துளையிட்டு, டெர்மினல் பொருத்தி வருவதற்கு வாரங்கள் ஆகும். பட்டியலில் இல்லாத உள்ளமைப்புக்குப் புதிய சான்றிதழ் வேண்டும் என்றால் மாதக்கணக்கில் எண்ணிக்கொள்ளுங்கள். ஆகவே கேபிள் எண்ணிக்கையையும் உள்ளே வரும் பொருள்களின் பட்டியலையும் முடிவுசெய்யாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். ஆர்டருக்குப் பின் ஒரு பிரேக்கரை மாற்றினாலும் சான்றிதழ் வேலை முதலிலிருந்து தொடங்கலாம். கடைசித் தவணைப் பணத்தை ஆவணங்கள் வந்து சேர்ந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பொருள் வந்த பின் காகிதத்தைத் துரத்துவது மிகச் சலிப்பான வேலை.

10. பொருத்தும் வேலையும் முதல் ஆய்வும்

அனுமதிச் சீட்டு, வாயுச் சோதனை, மின்துண்டிப்பு மூன்றும் முடிந்த பிறகே தொடங்குங்கள். ஃபிளேம்புரூஃப் இடுக்குப் பரப்புகளில் வண்ணம் பூசக் கூடாது, சிலிகான் அடைப்பு வைக்கக் கூடாது, தயாரிப்பாளர் தராத கேஸ்கெட்டைச் செருகக் கூடாது. இறுகிப்போகாத கிரீஸை மெல்லிதாகத் தடவலாம். எல்லா போல்ட்டுகளும், அதே வலிமைத் தரத்தில், இருக்க வேண்டும். ஒரு போல்ட் குறைந்தாலும் அந்தப் பெட்டி ஃபிளேம்புரூஃப் அல்ல. ஃபிளாஞ்ச் மூடியின் இடுக்குக்கு எதிரே சுவரோ குழாயோ தாங்கியோ நெருங்கி இருக்கக் கூடாது: ஐஐஏ வாயுக்கு 10, ஐஐபிக்கு 30, ஐஐசிக்கு 40 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஐஇசி 60079-17 சொல்லும் விரிவான ஆய்வு நடக்க வேண்டும். அதாவது பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்து, ஒவ்வொரு கிளாண்டையும் டெர்மினலையும் சரிபார்த்து, அதற்கான படிவத்தில் எழுதுவது. பொருத்தியவரே ஆய்வாளராகவும் கையொப்பமிடுவதைத் தவிருங்கள். கோப்பில் இருக்க வேண்டியவை: வரைபடத்தின் நடப்புத் திருத்தம், ஆவி வெளியேறும் இடங்களின் பட்டியல், பெட்டி, கிளாண்டு, அடைப்பான் ஆகியவற்றின் முழுச் சான்றிதழ்கள், தயாரிப்பாளர் கையேடு, ஈஎக்ஸ் ஐஏ சுற்றுக் கணக்குகள், இறுதி வயரிங் படம், ஆய்வுப் படிவம், வேலை செய்தவர்களின் தகுதிச் சான்று. தகட்டின் புகைப்படத்தையும் சேர்த்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்துத் தகடு வெளிறிப்போனால் அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

அதன் பின் வரும் ஆய்வுகளுக்கு இடையே, நிபுணரின் ஆலோசனை இல்லாமல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. கடலோரத்திலோ அதிர்வுள்ள பம்ப் அருகிலோ இதைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேதிகளைத் தொட்டியைக் காலிசெய்யும் பராமரிப்பு அட்டவணையோடு சேர்த்தே குறியுங்கள், ஏனெனில் விரிவான ஆய்வுக்கு மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். எரிபொருள் இறங்கிக்கொண்டிருக்கும் நாளில் அதற்கு எவரும் அனுமதி தரமாட்டார்கள். தொட்டியில் வேறு எரிபொருள் நிரப்பப் போகிறோம் என்ற செய்தி வந்தால், ஆய்வுத் தேதி வரை காத்திராமல் முதல் படியிலுள்ள வரைபடத்தை எடுத்துத் திருத்தம் கேளுங்கள்.